துரைசாணியின் மஞ்சள் கோடுகள்

பிப்ரவரி 4, செவ்வாய்

விற்பனை விளம்பரத்துக்கு நாலு வரி எழுத உட்கார்ந்தேன். காலைப்பொழுது முழுக்க அதிலேயே போயிற்று. "பழைமை மாறாத பிரிட்டிஷ் கார்" என்று தொடங்கினேன். அடித்துவிட்டேன். மாறியிருக்கிறதே. கியர் பெட்டி புதிது, ஐந்து கியர். ஸ்டீயரிங்குக்கு மோட்டார் துணை உண்டு. முன்சக்கரங்களில் பெரிய டிஸ்க் பிரேக். டேஷ்போர்டுக்குப் பின்னால், வெளியே தெரியாமல், ஏசிகூட இருக்கிறது. "புதுப்பித்து மேம்படுத்தப்பட்ட வாகனம்" என்று மாற்றினேன். அலுவலகச் சுற்றறிக்கை மாதிரி இருந்தது. எனக்கு எழுத்து அப்படித்தான் வரும்.

மைத்துனன் என் தோளுக்கு மேல் எட்டிப் படித்தான். "என்னத்தான் இது, டெண்டர் நோட்டீஸா? கல்யாண விளம்பரம் மாதிரி எழுதுங்க. வயசு அறுபதுக்குப் பக்கம், பார்த்தா முப்பது. ஆறு சிலிண்டர், நல்ல குரல்வளம். நீளமான மூக்கு, ஒடிசலான இடுப்பு. தூரதேசம் கூட்டிட்டுப் போற வரன் தேவை."

கடைசி வரியை மட்டும் எடுத்துக்கொண்டேன். நெடும்பயணத்துக்கென்றே செய்த வண்டிதான் அது. முன்னால் இரண்டு பேர் சௌகரியமாகவும், பின்னால் இரண்டு பேர் அவதியாகவும் போகலாம்.

அதற்குத் துரைசாணி என்று பெயர் வைத்தவனும் இவன்தான். லாரியிலிருந்து இறக்கியபோது சீட்டுக்குள் எலிக்குடும்பம், தரையில் கை நுழையும் ஓட்டை. "துரைசாணி ரொம்ப நொடிஞ்சு போயிட்டா அத்தான். நாமதான் பார்த்துக்கணும்" என்றான். நான் ஓய்வு பெற்ற வருடம் அது. அவன் தன் பஸ் ஒர்க்‌ஷாப்பை மகனிடம் ஒப்படைத்த வருடமும் அதுதான். அன்றிலிருந்து இரண்டு கிழவர்களும் என் வீட்டு ஷெட்டில்தான் குடித்தனம்.

இப்போது வண்டி போயாக வேண்டும். மனைவிக்கு முழங்கால் ஆபரேஷன் முடிந்து வருடம் ஆகியும் மாடிப்படி ஏற முடியவில்லை. ஷெட்டை அவளுக்கு அறையாக மாற்றப் போகிறோம். மார்ச் தொடக்கத்தில் கொத்தனார் வருகிறார்.

மாலை, விளம்பரத்துக்குப் படம் எடுக்கப் பூங்காப் பக்கம் ஓட்டிப் போனோம். புறப்படும்போது வாசலில் அவனுடைய வழக்கமான கேள்வி: "என்னத்தான், கேஸ் மூடியாச்சா?" மூடியிருந்தேன். இருந்தாலும் உள்ளே போய்ப் பார்த்துவிட்டு வந்தேன். அவன் ஸ்டீயரிங்கில் தலையை வைத்துச் சிரித்துக்கொண்டிருந்தான்.

திரும்பி வரும்போது இடப்பக்கம் வளைகையில் 'டக்' என்று ஒரு சிறு சத்தம்.

"கேட்டியா?"

"என்னது?"

"டக்னு."

"உங்க முட்டியா இருக்கும். அக்காவுக்கு அடுத்து உங்களுக்குத்தான் ஆபரேஷன்."

இருக்கலாம். எனக்கு வேண்டாத சத்தமெல்லாம் கேட்கும்.

பிப்ரவரி 5, புதன்

வாங்குகிறவருக்கு வண்டியின் அடிப்பக்கத்தையும் காட்ட வேண்டும் என்பது என் பிடிவாதம். வண்டிக்கு அடியில் நின்று வேலை செய்ய ஷெட் தரையில் வெட்டியிருக்கும் குழிக்குள் இறங்கி, டார்ச்சும் கேமராவுமாக ஒவ்வொரு இடமாகப் படம் பிடித்தேன். இடது முன்சக்கரத்தைச் சட்டத்தோடு பிணைக்கும் கையை—லோயர் ஆர்ம் என்பார்கள்—பிடித்திருக்கும் இரண்டு போல்ட்டுகளுக்கு வந்தபோது கை நின்றுவிட்டது.

எங்கள் ஷெட்டில் ஒரு விதி உண்டு. விதி என்னுடையது. ஒருவர் இறுக்கிய போல்ட்டை அடுத்தவர் சோதிக்க வேண்டும். குறித்த அளவுக்கு இறுகியதும் 'டிக்' என்று சொல்லும் ஸ்பேனர் இருக்கிறது. அந்த டிக் கேட்ட பிறகே போல்ட் தலையிலிருந்து பக்கத்து இரும்புவரை பெயின்ட்டால் ஒரு கோடு. அவன் இறுக்கியதை நான் சோதித்தால் மஞ்சள். நான் இறுக்கியதை அவன் சோதித்தால் சிவப்பு. தன் வேலைக்குத் தானே கோடு போடக் கூடாது. மைத்துனன் முதலில் கேலி செய்தான், பிறகு பழகிக்கொண்டான்.

உத்தியோகக் காலம் முழுவதும் முத்திரை ஆய்வாளராக இருந்தவன் நான். கடைத் தராசுகளைச் சோதித்து முத்திரை குத்துவது வேலை. எதிலும் துணிச்சல் கிடையாது எனக்கு. கடைக்காரர் சற்றுக் குரல் உயர்த்தினாலே உள்ளங்கை வியர்க்கும். ஆனால் சோதிக்காத தராசில் ஒரு நாளும் முத்திரை குத்தியதில்லை.

இன்று பார்த்த இரண்டு போல்ட்டுகளிலும் மஞ்சள் கோடு இருந்தது. என் நிறம். ஆனால் கோட்டின் முடிவில் ஒரு வால். நான் பிரஷைத் தூக்கிய பிறகே கையை நகர்த்துவேன். என் கோட்டுக்கு வால் வராது. மைத்துனனின் சிவப்புக் கோடுகளில்தான் அந்த வால் இருக்கும், கையெழுத்துக்கு அடியில் இழுக்கும் சுழி மாதிரி.

இல்லை, நானே அவசரத்தில் இழுத்தேனா? முன்பக்கத்தைப் பூட்டிய வாரத்தில்தான் மனைவிக்கு ஆபரேஷன். ஆஸ்பத்திரிக்கும் ஷெட்டுக்குமாக அலைந்துகொண்டிருந்தேன். வலது பக்கம் சோதித்தது நன்றாக நினைவிருக்கிறது. இடது பக்கம்—நினைவில்லை. நினைவில்லை என்பதால் செய்யவில்லை என்று ஆகுமா?

என் அண்ணனுக்கு மறதி நோய் இப்படித்தான் ஆரம்பித்தது. சாப்பிட்டுக் கை கழுவிவிட்டு, மறுபடியும் தட்டோடு வந்து உட்கார்ந்தார்.

பிப்ரவரி 6, வியாழன்

கேட்கவில்லை. மைத்துனனிடம் கேட்க வாயைத் திறந்தேன். கொட்டாவி என்று நினைத்துக்கொண்டு "போய்ப் படுங்கத்தான்" என்றான்.

பிப்ரவரி 7, வெள்ளி

கேட்டுவிட்டேன். அவன் சக்கரக் கம்பிகளைப் பழைய டூத்பிரஷால் தேய்த்துக்கொண்டிருந்தான்.

"மாப்பிள்ளை, இடது பக்க லோயர் ஆர்மை நான் எப்பப் பார்த்தேன்?"

தேய்க்கிற சத்தம் நின்றது. "நீங்க பார்க்கல."

"கோடு இருக்கே."

"நான் போட்டேன்." மறுபடி தேய்க்க ஆரம்பித்தான். "அக்காவை உள்ளே கொண்டு போன அன்னைக்கு நீங்க எப்படி இருந்தீங்கன்னு உங்களுக்குத் தெரியாது. வராண்டாவுல உட்கார்ந்துகிட்டு, இடது பக்கம் பார்க்கல, இடது பக்கம் பார்க்கலன்னு அதையே சொல்லிட்டிருந்தீங்க. கதவு பூட்டினோமா, கேஸ் மூடினோமான்னு நீங்க படற பாடு எனக்குத் தெரியாதா? அதோட இது வேறயா? மஞ்சக் கோட்டைப் பார்த்தா மனசு அடங்குமேன்னு இழுத்துவிட்டேன். மறுநாளு வந்து பார்த்தீங்க, பேசாம வயரிங் வேலைக்குப் போயிட்டீங்க. அன்னைக்குத்தான் கொஞ்சம் ஒழுங்கா சாப்பிட்டீங்க."

எழுத வெட்கமாக இருக்கிறது. முதலில் வந்தது நிம்மதிதான். எனக்கு மறதி இல்லை. அண்ணன் மாதிரி ஆகவில்லை. அதற்குப் பிறகுதான் அந்த 'டக்' நினைவுக்கு வந்தது.

"ஒரு தடவை ஸ்பேனர் வச்சுப் பார்த்துடலாமா?"

எழுந்து நின்றான். "பாருங்க. தாராளமா பாருங்க. ஆயுசு பூரா பஸ்ஸுக்கு வேலை செஞ்சிருக்கேன். தினம் எத்தனை பேரு ஏறி உட்கார்ந்து போனாங்க. எனக்குப் பின்னாடி வந்து எவனும் கோடு போடல. நான் இறுக்கினா இறுக்கினதுதான்."

"சரி, விடு" என்றேன்.

ஏன் அப்படிச் சொன்னேன்? அவன் முகம் சிவந்ததைப் பார்த்ததும் வாய் தானாகச் சொல்லிவிட்டது. அவனை விட்டால் எனக்குப் பேச்சுத் துணைக்கு யார் இருக்கிறார்கள்?

பிப்ரவரி 9, ஞாயிறு

விளம்பரம் பார்த்து ஒரு பல் டாக்டர் வந்தார். நாற்பதைத் தாண்டிய பெண்மணி, மலைமேல் சொந்தமாக ஆஸ்பத்திரி வைத்திருக்கிறார். இரண்டு பெண் குழந்தைகளையும் கூட்டி வந்திருந்தார். கதவைத் திறப்பதற்குள் குழந்தைகள் பின்சீட்டுக்குள் புகுந்துவிட்டார்கள். யாருக்கும் பொருந்தாத அந்தச் சீட்டு அவர்களுக்கு அளவெடுத்துத் தைத்த மாதிரி பொருந்தியது. "இது எங்க இடம். இனிமே யாரும் உட்காரக் கூடாது" என்றாள் பெரியவள்.

டாக்டர் அவசரப்படவில்லை. பானெட்டைத் திறந்து அமைதியாகப் பார்த்தார். நிறத்தைப் பார்த்து, "மழையில நனைஞ்ச சிலேட்டு மாதிரி இருக்கு" என்றார். மைத்துனனுக்கு அப்போதே அவரைப் பிடித்துப்போயிற்று. பிறகு செருப்பைக் கழற்றி வைத்துவிட்டுக் குழிக்குள் இறங்கினார்.

"இந்த மஞ்சள், சிவப்புக் கோடெல்லாம் என்ன?"

"அது எங்க அத்தான் போட்ட சட்டம்மா" என்றான் மைத்துனன். "ஒவ்வொரு போல்ட்டும் ரெண்டு பேர் கை பட்டது. ஒருத்தர் இறுக்கணும், இன்னொருத்தர் சோதிக்கணும். அப்புறம்தான் கோடு." பெருமையாகத்தான் சொன்னான். அந்த இரண்டு போல்ட்டுகள் அவன் மனத்திலேயே இல்லை என்று நினைக்கிறேன்.

டாக்டர் குழிக்குள்ளிருந்து தலையை உயர்த்தி என்னைப் பார்த்தார். "எல்லாமேவா சார்?"

மைத்துனன் என்னைப் பார்த்தான். பின்சீட்டிலிருந்து குழந்தைகளும் பார்த்தார்கள்.

"ஆமாம்" என்றேன்.

தெருவில் ஒரு சுற்று ஓட்டிவிட்டு வந்தார். முகமெல்லாம் சிரிப்பு. அடுத்த சனிக்கிழமை வந்து எடுத்துக்கொள்கிறார். குழந்தைகளையும் ஏற்றிக்கொண்டு மலைப்பாதையில் தானே ஓட்டிப் போவாராம்.

அவர் போன பிறகு மைத்துனன் என் முதுகில் தட்டினான். நான் குத்திய முதல் பொய் முத்திரை இது. அதுவும் ஓய்வு பெற்ற பிறகு.

பிப்ரவரி 10, திங்கள்

வேறு என்ன சொல்லியிருக்கலாம் என்று நாள் முழுக்க யோசித்தேன். "ஏறக்குறைய எல்லாம்" என்றாவது சொல்லியிருக்கலாம்.

பிப்ரவரி 11, செவ்வாய்

காலைச் சாப்பாட்டின்போது மனைவி கேட்டாள்: "ரெண்டு நாளா தட்டைக் கிளறிக்கிட்டே இருக்கீங்க. தம்பிகிட்ட சண்டையா?"

எல்லாவற்றையும் சொன்னேன். நடுவில் குறுக்கிடவே இல்லை. கடைசியில், "அவன் போட்டது உங்க நிம்மதிக்காகத்தானே?" என்றாள்.

"ஆமா."

"அதுக்கு நன்றி சொல்லிடுங்க. சொல்லிட்டு, குழியில இறங்கிப் பாருங்க."

"கோவிச்சுப்பான்."

"பொறந்ததுலேருந்து கோவிச்சுக்கிட்டுத்தான் இருக்கான். பசிச்சா வருவான்." கைத்தடியை எடுத்துக்கொண்டாள். "அந்தப் பொண்ணுங்க பின்னாடி உட்கார்ந்து குதிச்சதை நானும் ஜன்னல்லேருந்து பார்த்தேன். எழுந்திருங்க. டார்ச் நான் பிடிக்கறேன்."

குழியோரம் நாற்காலி போட்டு அவளை உட்காரவைத்தேன். பழைய பழக்கம், முதலில் ஸ்பேனரையே சோதித்தேன். கைப்பிடியில் அளவு தெரிந்த எடையைத் தொங்கவிட்டுப் பார்த்தேன். சரியாக டிக் என்றது. பிறகு இறங்கினேன். போல்ட்டில் மாட்டி இழுத்தேன்.

நன்றாக இறுகிய போல்ட் என்றால் அசையாமல் உடனே டிக் சொல்லும். இது சொல்லவில்லை. நகர்ந்தது. வெண்ணெயில் கத்தி போகிற மாதிரி கால் சுற்று நகர்ந்து, இன்னும் கொஞ்சம் நகர்ந்து, அப்புறம்தான் டிக். இரண்டாவதும் அப்படியே.

மேலேயிருந்து இவள் குரல்: "என்ன, பேச்சையே காணோம்?"

"இருக்கு."

"எது?"

"தப்பு."

குழிக்குள்ளேயே உட்கார்ந்து யோசித்ததில் புரிந்துவிட்டது. இந்த லோயர் ஆர்முக்குள் ரப்பர் வளையம் இருக்கிறது. சக்கரம் தரையில் படாமல் வண்டி இரும்பு முக்காலிகள்மேல் நிற்கும்போது இந்தப் போல்ட்டைக் கையிறுக்கமாக மட்டும் விட வேண்டும். சக்கரம் தரையில் பதிந்து, வண்டியின் பாரம் அதன்மேல் வந்த பிறகே முழு இறுக்கம். மைத்துனனுக்கு இது தூக்கத்தில்கூடத் தெரியும். ஆனால் அவன் எனக்காகக் கோடு போட்டது வண்டி முக்காலியில் இருந்தபோது. பிறகு வண்டியைத் தரையில் இறக்கியதும் ஒவ்வொன்றாக இறுக்கிக்கொண்டே வந்திருப்பான். இந்த இரண்டில் மஞ்சள் கோடு. முடிந்தது என்று தாண்டிவிட்டான். தான் போட்ட பொய்க் கோட்டைத் தானே நம்பியிருக்கிறான்.

வால் வைத்த மஞ்சள் கோடு வேறெங்கும் இல்லை. இருந்தாலும் எல்லாப் போல்ட்டுகளையும் மறுபடி பார்த்தேன். மற்றவை சரி.

தின்னர் தொட்டு அந்த இரண்டு கோடுகளையும் துடைத்தேன். இப்போது அங்கே எந்த நிறமும் இல்லை. இறுக்கியவன் நான். நான் கோடு போட முடியாது. சிவப்புக் கோடு, அவன்தான் போட வேண்டும்.

பிப்ரவரி 12, புதன்

மைத்துனனிடம் போனில் சொன்னேன். முன்னாலேயே ஒரு தாளில் எழுதிவைத்து, முதலில் நன்றி சொல்லி, பிறகு விஷயத்துக்கு வந்தேன்.

"கால் சுற்றுக்கு மேல போச்சு மாப்பிள்ளை."

"ஸ்பேனர் சரியா இருக்கா?"

"சோதிச்சுட்டேன்."

"அதானே. அதையும் சோதிச்சிருப்பீங்க." மூச்சு விடுகிற சத்தம் கேட்டது. "இப்ப இறுக்கிட்டீங்கல்ல? சரியாயிடுச்சுல்ல? அப்புறம் என்ன? டாக்டரம்மாகிட்ட வாயைத் திறந்துடாதீங்க அத்தான்."

"நீ வந்து சோதிச்சுக் கோடு போட்டுட்டா, நான் அவங்ககிட்ட சொன்னது உண்மையாயிடும்."

"நான் வந்து எதைச் சோதிக்கறது? என் மூஞ்சியையா? உங்க சட்டத்தை நீங்களே வச்சுக்குங்க."

வைத்துவிட்டான்.

பிப்ரவரி 13, வியாழன்

சொல்லாமல் விடலாமா? போல்ட் இறுகிவிட்டது. ஆபத்து நீங்கிவிட்டது. சொன்னால் மைத்துனனுக்கு அவமானம், வண்டியும் விற்காது, கொத்தனார் வரும்போது ஷெட் காலியாக இருக்காது, இவள் இன்னும் எத்தனை நாள் கூடத்துச் சோபாவில் படுப்பாள்? சொல்லாததற்குக் காரணங்கள் நிறைய. சொல்ல ஒன்றுதான்: அவர் என்னைப் பார்த்துக் கேட்டார்.

ஆஸ்பத்திரியில் கூட்டம் குறையும் மதிய நேரமாகப் பார்த்து டாக்டரைக் கூப்பிட்டேன். நடந்ததைச் சொன்னேன். "எங்க கையில நேர்ந்த தப்பு" என்றேன். கோடு யார் போட்டது என்று அவர் கேட்ட பிறகே சொன்னேன்.

"அன்னைக்கு நான் உங்களைத்தானே சார் கேட்டேன்?"

"ஆமாம்மா. பயத்துல ஆமான்னுட்டேன்."

"யாருக்குப் பயந்து?"

அவர் காத்திருந்தார். பல் டாக்டருக்கு மற்றவர் வாயைத் திறக்கும்வரை காத்திருக்கத் தெரியும்.

"கோவத்துக்கு" என்றேன்.

"இப்ப சரியா இருக்கா?"

"இறுக்கிட்டேன். ஆனா இன்னும் ஒருத்தர் பார்க்கல. மைத்துனர் பார்க்கணும்."

"தப்பு செஞ்சவரே பார்க்கணுமா?"

"அவரைவிட நல்லா பார்க்கறவங்க எனக்குத் தெரியாதும்மா." இதை மட்டும் தடுமாறாமல் சொன்னேன்.

"நான் யோசிக்கணும் சார். சனிக்கிழமை வரலை."

பிப்ரவரி 15, சனி

டாக்டர் வந்திருக்க வேண்டிய நாள். ஷெட்டில் துரைசாணி மட்டும். அவள் மேல் படிந்த தூசியைத் துடைத்தேன். மைத்துனனின் தேநீர்க் கோப்பை அலமாரியில் கவிழ்த்தபடியே இருக்கிறது.

"பசிச்சா வருவான்னு சொன்னியே" என்றேன் இவளிடம்.

"பசிக்கல போல" என்றாள். சிரிக்கவில்லை.

பிப்ரவரி 17, திங்கள்

டாக்டர் கூப்பிட்டார். வருகிற சனிக்கிழமை வருகிறார். ஆனால் வாங்குவதாகச் சொல்லவில்லை.

"மலைப்பாதையில ஏறி இறங்கிப் பார்க்கணும். நான்தான் ஓட்டுவேன். நீங்க பக்கத்துல உட்காருங்க. உங்க மைத்துனர் பின்னாடி."

"பின்சீட்டு பெரியவங்களுக்கு—"

"தெரியும் சார். என் பொண்ணுங்க உட்காரப் போற இடம். அதான் கேக்கறேன்."

அந்த வண்டியில் நான் ஊர்த் தெருக்களைத் தாண்டிப் போனதே இல்லை. பஸ்ஸில் மலை ஏறினாலும் கண்ணை மூடிக்கொள்கிறவன். இப்போது அதுவல்ல கவலை. பின்சீட்டுக்கு ஆள் எங்கே?

பிப்ரவரி 18, செவ்வாய்

நானே மைத்துனன் வீட்டுக்குப் போனேன். பிறர் வீட்டுக்குக் கோபத்தின் நடுவில் போவது எனக்குப் பழக்கமில்லை. கதவைத் தட்டுவதற்குமுன் தெருவில் நடந்துகொண்டே இருந்தேன். எதிர்வீட்டு நாய்கூடக் குரைத்து அலுத்துப் படுத்துவிட்டது. சட்டைப்பையில் சிவப்புப் பெயின்ட் டப்பாவும் பிரஷும்.

சவரம் செய்யாத முகத்தோடு கதவைத் திறந்தான். உட்காரச் சொல்லவில்லை, நானாக உட்கார்ந்தேன். டப்பாவை மேஜைமேல் வைத்தேன்.

அவன் அதைப் பார்த்தபடியே பேசினான். சண்டை போடும் குரல் இல்லை.

"ஒவ்வொரு பஸ்ஸா நினைவுக்கு வருது அத்தான். சாமான் மாத்தினது, அவசரமா அனுப்பினது. இதை இறுக்கினேனா, அதை இறுக்கினேனா. எப்பவோ ஓடி முடிச்சு உடைச்சுப் போட்ட பஸ்ஸு. இப்ப உட்கார்ந்து அதையெல்லாம் இறுக்கிட்டிருக்கேன். உங்க வியாதி எனக்கு ஒட்டிக்கிச்சு."

அவனுக்கு ஆறுதல் சொல்ல வேண்டும் என்று நான் யோசித்து வைத்தது எதுவும் வரவில்லை. கணக்குப் போடுகிற மாதிரி ஒன்றுதான் வந்தது. "அந்த பஸ் எதுலயும் கோடு இல்லியே மாப்பிள்ளை."

"அதனால?"

"கோடு இல்லாத வண்டியில நீ ஒரு போல்ட்டையும் விட்டதில்ல. இதுல கோடு இருந்ததாலதான் தாண்டிட்டே. கோடு என் ஏற்பாடு. உன் கையை நம்பாம நான் கொண்டுவந்தது. அது ரெண்டு பேரையும் ஏமாத்திடுச்சு."

அவன் டப்பாவைத் திறந்து பார்த்தான். "காய்ஞ்சு போயிருக்கு. தின்னர் இருக்கா?"

"ஷெட்ல இருக்கு."

"அக்கா சமைச்சிருப்பாளா?"

பிற்பகல் குழிக்குள் இறங்கினான். நான் மேலே நின்று டார்ச் பிடித்தேன். ஸ்பேனரை மாட்டி மெல்ல இழுத்தான். டிக். அடுத்தது. டிக். இரண்டு முறையும் போல்ட் மயிரிழைகூட நகரவில்லை. பிரஷைத் தோய்த்து, மூச்சைப் பிடித்துக்கொண்டு, சிவப்புக் கோடு போட்டான். முதல் தடவையாக, வால் இல்லாமல்.

பிப்ரவரி 22, சனி

எழுத்து கோணலாக வருகிறது.

டாக்டர் தனியாக வந்தார். மைத்துனன் பின்சீட்டுக்குள் பாதி பாதியாக நுழைந்தான். முழங்கால் தாடையைத் தொட்டது. "டாக்டரம்மா, இறங்கும்போது நான் வரலேன்னா, சீட்டோட சேர்த்து வித்துட்டதா வச்சுக்குங்க." அவர் சிரித்தார். நான் பெல்ட்டை மாட்டி, இழுத்து, மறுபடி இழுத்துப் பார்த்தேன்.

ஏறும்போது எஞ்சின் சத்தத்தில் வேறொன்றும் கேட்கவில்லை. உச்சியில் திருப்பினோம். இறக்கம்தான் சோதனை. அவர் வேகத்தைத் தணித்து, கீழ்க் கியருக்கு மாற்றினார். பள்ளத்தாக்கு என் பக்கம்.

முதல் கொண்டை ஊசி வளைவு, இடப்பக்கம். பாரம் முழுக்க முன்னால் சாய்ந்தது. என் முழங்கால் அருகேதான் அந்தச் சக்கரம், அந்த லோயர் ஆர்ம், அந்த இரண்டு போல்ட். கண்ணை மூடவில்லை. மூடினால் காது கூர்மையாகும், கேட்டுவிடுமோ என்று பயம். திறந்தே கேட்டேன். டயர் உரசும் சத்தம். கதவிடுக்கில் காற்று. பின்னால் மைத்துனனின் மூச்சு—அவனும் அதையேதான் கேட்டுக்கொண்டிருந்தான் என்று அந்த மூச்சிலிருந்து தெரிந்தது.

டக் வரவில்லை.

அடுத்த வளைவில் எதிரே ஒரு லாரி அகலமாகத் திரும்பியது. டாக்டர் பிரேக்கை ஓங்கி மிதித்தார். வண்டி மூக்கைத் தரையில் புதைத்து, நேர்க்கோட்டில், ஒரு பக்கமும் இழுக்காமல் நின்றது. லாரிக்காரர் கையைத் தூக்கி மன்னிப்புக் கேட்டுவிட்டுப் போனார். டாக்டரின் கைகள் ஸ்டீயரிங்கில் வெளுத்திருந்தன. பின்னாலிருந்து ஒரு கை வந்து என் தோளைப் பிடித்தது. பிடித்த பிடியை மலையடிவாரம்வரை விடவில்லை. தோளில் இன்னும் வலி இருக்கிறது.

கீழே வந்து நிறுத்தியதும் டாக்டர் எஞ்சினை அணைக்காமல் என் பக்கம் திரும்பினார்.

"நீங்க போன் பண்ணாம இருந்திருந்தா எனக்குத் தெரிஞ்சே இருக்காது" என்றார்.

"தெரிஞ்சிருக்காதும்மா."

"எடுத்துக்கறேன். ஆனா வருஷத்துக்கு ஒரு தடவை நீங்க ரெண்டு பேரும் வந்து பார்க்கணும். கோடு போட்டுத்தான் போகணும்."

மைத்துனன் பின்னாலிருந்து சொன்னான்: "வர்றோம்மா. முதல்ல என்னை வெளியே எடுங்க."

பிப்ரவரி 23, ஞாயிறு

டாக்டர் குழந்தைகளோடு வந்து வண்டியை எடுத்துக்கொண்டார். நனைந்த சிலேட்டு நிறம் தெருமுனை திரும்பிப் போயிற்று. பின் கண்ணாடியில் இரண்டு தலைகள். மாலை டாக்டரின் செய்தி: "வீட்டுக்கு வந்துவிட்டோம். சின்னவள் வண்டியைவிட்டு இறங்க மறுக்கிறாள்."

மார்ச் 3, திங்கள்

கொத்தனார் வந்து வேலையைத் தொடங்கிவிட்டார். குழிக்குள் மணல் கொட்டுகிறார்கள். இவள் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்து, ஜன்னல் எங்கே வர வேண்டும் என்று கைத்தடியால் காட்டிக்கொண்டிருக்கிறாள். கொத்தனார் அவளோடு எதிர்வாதம் செய்கிறார். அவர் ஜெயிக்க மாட்டார்.

அறைக்கு டைல்ஸ் பார்த்துவர நானும் மைத்துனனும் புறப்பட்டோம். கேட்டுவரை வந்ததும் நான் நின்றேன். அவனும் நின்றான். வழக்கமான கேள்விக்குக் காத்திருந்தேன்; அவன் கேட்கவில்லை. கொஞ்ச நாளாகவே கேட்பதில்லை.

"கேஸ் மூடிட்டேன் மாப்பிள்ளை" என்றேன். "நீ ஒரு தடவை பார்த்துட்டு வந்துடு."

என்னை ஒரு கணம் பார்த்தான். கிண்டல் எதுவும் வரவில்லை. செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே போனான். நான் வாசலிலேயே நின்றேன். வந்து செருப்பை மாட்டிக்கொண்டான்.

"டிக்" என்றான்.